தோணிபுரத்தார் துடுப்புப் பயணம்: ஒரு முன்னாய்வு

சீர்காழிக்குப் பன்னிரண்டு பெயர்கள். அவற்றுள் தோணிபுரம் ஒன்றே இவ்வாய்வுக்கு உரியது. ஊழிவெள்ளத்தில் உலகம் மூழ்கியபோது, சிவபெருமான் 64 கலைகளையும் ஆடையாக உடுத்தி, உமையுடன் தோணியேறி இங்கே கரைசேர்ந்தார் என்பது தலபுராணம். பலநாள் படகுப் பயணத்துக்குத் திட்டமிடுவோர் இதைக் கூர்ந்து நோக்க வேண்டும். பயணிகள் இருவர்; சுமை கலைகள் மட்டுமே. ஸ்டவ், கூடாரம், ஊறுகாய் ஜாடி பற்றிப் பேச்சே இல்லை. வந்தவர் திரும்பிப் போகவும் இல்லை. கோயிலின் இடைத்தளத்தில் தோணியப்பராக இன்றும் வீற்றிருக்கிறார்.

இரண்டாம் சான்று, இவ்வூர்ப் பிள்ளை திருஞானசம்பந்தர். திருக்கொள்ளம்பூதூரில் ஆறு பெருகி, ஓடக்காரர்கள் ஓடத்தை விட்டுப் போயிருந்த நேரத்தில், அடியார்களோடு அதில் ஏறிப் பதிகம் பாடியே அக்கரை சேர்ந்தார். அந்த நினைவில் அங்கே ஐப்பசியில் ஓடத் திருவிழா நடக்கிறது. எனவே சீர்காழி மரபில் துடுப்பு கட்டாயமன்று, குரல்வளம் போதும் எனத் துணியலாம். எங்கள் குழுவில் பாடத் தெரிந்தவர் எவரும் இல்லை. துடுப்பு வாங்கும் யோசனை எழுந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அடுத்து, வழி. அணைக்கரையில் இறங்கிக் கொள்ளிடத்தோடு பழையாறு முகத்துவாரம் வரை போவதென்று டீக்கடையில் முடிவாயிற்று. அணைக்கரையில் 1836இல் கீழணை கட்டப்பட்டது. அதற்குக் கீழே கொள்ளிடத்துக்கு வருவது பெரும்பாலும் உபரிநீர்தான். ஆகவே அங்கே இரண்டே பருவங்கள்: மணல், வெள்ளம். மணற்பருவத்தில் நாம் படகைச் சுமக்க வேண்டும். வெள்ளப்பருவத்தில் படகு நம்மைச் சுமக்கும். ஆனால் பழையாற்றில் நிறுத்தாமல் வங்காள விரிகுடாவில் கொண்டுபோய் இறக்கும். இடைப்பட்ட நாட்களில் போகலாமே என்பார்க்கு விடை, முதலை. கொள்ளிடத்தில் முதலைகள் உண்டு; கரையில் எச்சரிக்கைப் பலகைகளும் உண்டு. படிக்கத் தெரிந்தவர்கள் நாம் மட்டுமே.

காவிரி வழியோ இன்னும் சிக்கல். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம் என்றாலும், கடைமடைக்குத் தண்ணீர் எந்த நாளில் வரும் என்பது சோதிடத்தின் பாற்படும். வந்தபின் மதகுதோறும் படகைத் தூக்கி இறக்க வேண்டும். வாய்க்கால்களில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடப்பதால் துடுப்பைவிட அரிவாளே உதவும்.

கூடாரம் குறித்துச் சுருக்கமாக: வயலோரம் கூடாரம் அடித்தால், வயலுக்குரியவர் நம்மை அடிப்பார். ஊருக்கு ஊர் கோயில் மண்டபம் இருக்கும் நாட்டில் அந்தச் செலவே வீண். கொசுவலை மட்டும் போதும்.

சாமான் பட்டியலில்தான் குழுவின் ஒற்றுமை வெளிப்பட்டது. மிளகாய்ப்பொடி கொண்டுவர எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். படகு கொண்டுவர ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பயணம் போகாமலே தண்ணீர் வீடு தேடி வந்ததும் உண்டு. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 செ.மீ. மழை கொட்டித் தெருக்கள் ஆறாயின. சம்பாப் பயிர் மூழ்கிக் கிடந்த அந்நாட்களில் உல்லாசப் படகு பற்றிப் பேசும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை, ஆய்வாளருக்கும்தான்.

முடிபு: படகு வாங்கும் தீர்மானம் காலவரையறையின்றி ஒத்திவைக்கப்படுகிறது. மிளகாய்ப்பொடி ஏராளமாகச் சேர்ந்துவிட்டது. வேண்டுவோர் இட்லியோடு வரலாம்.