மாமனார் முன்னிலையில் டைமிங் செயின்

காலையில் வண்டியைக் கிளப்பினால் முதல் இரண்டு நொடி, தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டு உலுக்கியது போல ஒரு சத்தம் வரும். அப்புறம் அடங்கிவிடும். இரண்டு நொடிதானே என்று இரண்டு வருஷம் விட்டுவிட்டேன். வலி நின்றதும் பல் டாக்டரை மறந்துவிடுகிற ரகம் நான்.

வண்டி 1991ஆம் வருஷத்து ஜப்பான் பிக்கப். நாலு சிலிண்டர், 2.4 லிட்டர். டாலஸுக்கு வடக்கே நாங்கள் இருக்கும் புறநகரில் பிக்கப் இல்லாத வீட்டை விருந்தாளி வீடாகத்தான் பார்ப்பார்கள். 1977இலிருந்து அமெரிக்காவில் அதிகம் விற்கும் பிக்கப் ஃபோர்டு எஃப் வரிசைதான். எங்கள் தெருவில் மட்டும் ஆறு நிற்கின்றன. அவற்றின் நிழலில் என் வண்டியை நிறுத்திவிட்டால் வெயில் படாது.

சத்தத்தைக் கண்டுபிடித்தவர் மாமனார். நாமக்கல்காரர். லாரியில் கிளீனராக ஏறி, மூன்று லாரிக்கு ஓனராக இறங்கியவர். மகள் வீட்டுக்கு ஆறு மாத விசாவில் வந்த இரண்டாம் நாள், காபி டம்ளரோடு வாசலில் நின்றிருந்தார்.

"ஏனுங்க மாப்ள, அதென்ன சத்தம்?"

"அது அப்படித்தாங்க மாமா."

"அப்படித்தான்னு ஒரு சத்தம் எந்த எஞ்சின்லயும் கிடையாதுங்க."

டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவர் கேட்டார். அதன் முனையை எஞ்சினின் முன்பக்கக் கவரில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டார். "கிளப்புங்க" என்றார். கிளப்பினேன். கண்ணை மூடிக் கேட்டவர், நாடி பார்த்த வைத்தியர் மாதிரி தலையை ஆட்டினார். "உள்ள எதோ கவர்ல அடிக்குதுங்க."

அடித்தது டைமிங் செயின். கீழே சுற்றும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் மேலே இருக்கும் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். வால்வுகள் அந்தக் கணக்கில்தான் திறந்து மூடும். அந்தக் கணக்குப்பிள்ளை வேலையைப் பார்ப்பது சைக்கிள் செயின் போன்ற ஒரு ரோலர் செயின். அந்த வகைச் செயினை 1880இல் மான்செஸ்டரில் உருவாக்கியவர் ஹான்ஸ் ரெனால்ட் என்ற சுவிஸ்காரர். செயின் அலையாமல் இருக்க இருபுறமும் பிளாஸ்டிக் முகம் வைத்த கைடுகள், இறுக்கிப் பிடிக்க எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டென்ஷனர். வயதான பிளாஸ்டிக் ஒருநாள் உடையும். உடைந்தால், எண்ணெய் அழுத்தம் ஏறும்வரை தொளதொளத்த செயின் அலுமினியக் கவரை அறுக்கும். கவருக்கு அந்தப் பக்கம் ஓடுவது கூலண்ட். அறுத்து முடித்தால் கூலண்டும் எண்ணெயும் கலந்து எஞ்சினுக்குள் பால் காபி தயாராகிவிடும்.

"லாரியில இந்த வம்பே இல்லீங்க. செயின் ஏது? டைமிங் கியர்தான். பல்லும் பல்லும் கடிச்சுக்கிட்டு ஆயுசுக்கும் ஓடும்" என்றார் மாமனார். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் சாம்பாரைக் குறை சொல்லும் தொனி.

ஒர்க்‌ஷாப்பில் 1,900 டாலர் கேட்டார்கள். அதை ரூபாயில் பெருக்கி நான் அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. "அந்தக் காசுக்கு லாரி எஞ்சினையே இறக்கி, போரிங் பண்ணி ஏத்திடலாமே! நாமளே கழட்டிருவோம்" என்றார். அந்த 'நாம்' யார் என்பது சனிக்கிழமை காலையில்தான் தெரிந்தது. அவருக்கு மடக்கு நாற்காலி. எனக்கு வண்டிக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி.

முதலில் பனியன் வேஸ்ட் கேட்டார். சமையலறைக் காகிதச் சுருளைக் கொடுத்தேன். ஐஸ்கிரீம் தின்னவா என்பது போல் பார்த்தார். ஆபீசில் வருஷாவருஷம் கொடுத்த டி-ஷர்ட்களைக் கிழித்தோம். பத்து வருஷ உழைப்புக்கு அன்றைக்குத்தான் ஒரு பயன் கிடைத்தது.

டைமிங் செயினை மாற்றுவது அரைமணி வேலை. அதன் முகத்தைப் பார்ப்பதற்குத்தான் மூன்று வாரம். ரேடியேட்டர், ஃபேன், பெல்ட், வாட்டர் பம்ப், டிஸ்டிரிபியூட்டர், வால்வு கவர், ஆயில் சம்ப் எல்லாம் வாசலில் வரிசையாக உட்கார்ந்தன. கிராங்க் புல்லி போல்ட் மட்டும் அசையவில்லை. பிரேக்கர் பார் என்ற நீளக் கைப்பிடியில் தொங்கினேன். அதன்மேல் இரும்புக் குழாயைச் செருகித் தொங்கினேன். நான் அசைந்தேன், போல்ட் அசையவில்லை. மாமனார் நாற்காலியிலிருந்து முதன்முறையாக எழுந்தார். காயில் ஒயரைப் பிடுங்கினார். பாரைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்தார். "சாவியை ஒரே ஒரு தொடு தொடுங்க" என்றார். தொட்டேன். 'டக்'. ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரு நொடியில் செய்ததைத்தான் நான் காலையிலிருந்து முதுகால் செய்துகொண்டிருந்தேன். (இதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். பார் நழுவினால் அது எங்கே போகும் என்பது அதற்கே தெரியாது.)

புல்லி இழுப்பானை உதிரிபாகக் கடையில் முன்பணம் கட்டி இரவல் வாங்கினோம். கருவியைத் திருப்பினால் முழுப்பணமும் திரும்ப வரும் என்றதும் மாமனார் நம்பவில்லை. அமெரிக்காவில் அவர் வாய்விட்டுப் பாராட்டிய ஒரே விஷயம் அதுதான்.

செவ்வாய்க்கிழமை குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம். ஓடாத வண்டியை வாசலில் வைக்கக் கூடாதாம். "ஓடாதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்ட மாமனார், எங்கள் இரட்டைக் கட்டில் போர்வையை எடுத்து வந்து வண்டியை முகம் தெரியாமல் மூடினார். பிரேத பரிசோதனைக்குக் காத்திருப்பது போல வண்டி இன்னும் சந்தேகமாகத்தான் தெரிந்தது. இரண்டாவது கடிதம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமைதான் உண்மையான சோதனை. கவரின் எல்லா போல்ட்களையும் கழற்றியாயிற்று. கவர் வரவில்லை. ரப்பர் சுத்தியால் தட்டினேன், கெஞ்சினேன், கடைசியில் நெம்பினேன். ஒரு மூலை உடைந்து கையோடு வந்தது.

"நிறுத்துங்க மாப்ள. வராததுக்கு ஒரு காரணம் இருக்கும்."

சிலிண்டர் ஹெட்டின் முன்முனையில், கேம் சக்கரத்துக்கு அடியில், ஒரு சின்னக் குழியில் எண்ணெய் தேங்கியிருந்தது. மாமனார் துணியை நனைத்துப் பிழிந்தார், நனைத்துப் பிழிந்தார். மேட்டூர் அணையில் தண்ணீர் வற்றினால் பண்ணவாடி நந்தி தலைகாட்டுமே, அப்படி மெதுவாக எழுந்தது ஒரு போல்ட் தலை. ஹெட்டிலிருந்து கவருக்குள் இறங்கும் போல்ட். அதைக் கழற்றியதும் கவர், என்னவோ நான்தான் வேண்டாமென்று சொன்ன மாதிரி, தானாகக் கையில் வந்தது.

சம்ப்பின் அடியில் கைடு கிடந்தது. கருப்பட்டியை உடைத்துப் போட்டது போலப் பழுப்புத் துண்டுகள். கவரின் உள்பக்கம் விரல் நகம் அமிழும் ஆழத்துக்கு ஒரு பள்ளம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பால் காபிதான். நல்லவேளை, வாங்கிய டைமிங் செயின் கிட்டில் புதுக் கவரும் இருந்தது. உடைந்த மூலைக்காக யாரும் என்னைத் திட்டவில்லை.

புது செயினில் அடையாளத்துக்குப் பளபளப்பான கண்ணிகள் உண்டு. அவற்றைச் சக்கரங்களின் குறிகளோடு சேர்த்து மாட்டினேன். கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தேன். சக்கரக் குறிகள் சேர்ந்தன, கண்ணிகள் எங்கோ போய்விட்டன. வியர்த்துப்போய் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினேன். மறுபடியும் அதே. அப்புறம்தான் உறைத்தது. கேம் சக்கரத்தின் பற்களைவிடச் செயினில் கண்ணிகள் அதிகம். சுற்றுக்குச் சுற்று கண்ணி இடம் மாறத்தான் செய்யும். குறி சேர்ந்தால் போதும். முதல் தடவையே சரியாகத்தான் மாட்டியிருக்கிறேன்.

மூன்றாவது ஞாயிறு மாலை, சீலண்ட் காய்ந்து, எண்ணெய் ஊற்றி, சாவியைத் திருகினேன். 'டமால்!' எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்விட்டதாகப் பிறகு சொன்னார்கள். கேம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் கிராங்கின் குறி பூஜ்யத்துக்கு இரண்டு முறை வரும், அதில் ஒன்றுதான் கம்ப்ரஷன். நான் டிஸ்டிரிபியூட்டரை இன்னொன்றுக்கு மாட்டியிருக்கிறேன். மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. எடுத்து, அரைச்சுற்று திருப்பி மாட்டினேன். வண்டி கிளம்பியது. புளியங்கொட்டை இல்லை.

கணக்கு: கிட் 180 டாலர், வாட்டர் பம்ப், எண்ணெய், கூலண்ட், சீலண்ட் 120, கருவிகள் 390. போர்வையின் விலையைச் சொல்ல மனைவி மறுத்துவிட்டாள்.

உங்கள் பழைய வண்டியும் காலையில் இரண்டு நொடி கடகடத்தால், இரண்டு வருஷம் காத்திருக்காதீர்கள். தேங்கிய எண்ணெயைத் துணியால் ஒற்றியெடுத்த பிறகு கவரில் கை வையுங்கள். பிரேக்கர் பார் இரவல் கேட்டு மட்டும் என்னிடம் வர வேண்டாம். மாமனார் அதைப் பெட்டியில் வைத்து நாமக்கல்லுக்குக் கொண்டுபோய்விட்டார்.