மூளைக்குள் ஹர்த்தால்

உலகின் முதல் மூளை அறுவைச் சிகிச்சை எங்கே நடந்தது என்று கேட்டால் நம்மவர்களிடம் பதில் தயாராக இருக்கிறது: அகத்தியர் ஆசிரமத்தில். நோயாளி ஒரு மன்னன். புகார், தீராத தலைவலி. அகத்தியர் கபாலத்தைத் திறந்து பார்க்கிறார். மூளைமேல் சொந்த வீடு மாதிரி ஒரு தேரை உட்கார்ந்திருக்கிறது. குறடு போட்டுப் பிடுங்கினால் மூளையும் சேர்ந்து வந்துவிடும். எல்லாம் தெரிந்த முனிவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, பக்கத்திலிருந்த சீடப் பையன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து சலசலக்க விட்டான். சத்தம் கேட்டதும் தேரை தொபுக்கென்று அதில் குதித்தது. சந்தானகரணி மூலிகையை வைத்து மண்டையை மூடினார்கள். பையனுக்குத் தேரையர் என்ற பட்டம் கிடைத்தது. மன்னன் ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தானா என்பது பற்றிக் கதை வாயே திறப்பதில்லை.

அந்த அகத்தியர் இன்னமும் தவம் செய்வதாக நம்பப்படும் மலைக்குப் போகிற வழியில் இருக்கிறது வித்துரா. திருவனந்தபுரத்தில் பஸ் பிடித்து நெடுமங்காடு தாண்டினால் வந்துவிடும். ஒரு ரோடு 22 கொண்டை ஊசி வளைவுகளோடு பொன்முடிக்கு ஏறும். இன்னொன்று போணக்காட்டுக்குப் போகும். அங்கிருந்து 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடத்துக்குக் கால்நடைதான். போணக்காட்டில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டிய பங்களா பாழடைந்து கிடக்கிறது. விறகு பொறுக்கப் போன பெண் ஒருத்தி, எழுதப் படிக்கத் தெரியாதவள், அதன் பக்கம் போய்த் திரும்பியதும் கடகடவென்று இங்கிலீஷ் பேசினாள் என்று கதை. அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் ஏன் இன்னும் அந்த வாசலில் வரிசை கட்டவில்லை என்பது எனக்குப் புரியாத சங்கதி. ஆக, மனிதர்களின் போக்கு திடீரென்று மாறுவதற்கு இந்த வட்டாரத்தில் இரண்டு காரணங்கள் ஏற்கெனவே பதிவாகியிருந்தன: தேரை, துரை.

மூன்றாவது காரணம் காட்டுக்குள் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருந்தது. சர்ப்பகந்தி. சிவன் அமல்பொடி என்றும் சொல்வார்கள். சின்னச் செடி, கொத்தாக வெள்ளைப் பூ, பாம்பு மாதிரி நெளிந்த வேர், வாயில் வைத்தால் அப்படி ஒரு கசப்பு. நல்ல பாம்போடு சண்டைக்குப் போகும் கீரி இதைத் தின்றுவிட்டுத்தான் கிளம்பும் என்று ஊர்ஊராகக் கதை உண்டு. கீரியிடம் யாரும் வாக்குமூலம் வாங்கியதில்லை. பீகாரில் மக்கள் இதற்கு வைத்த பெயர் ‘பாகல் கீ தவா’, பைத்தியத்துக்கு மருந்து. அழுகிற குழந்தையைத் தூங்க வைக்கவும் கொடுத்திருக்கிறார்கள்.

கொச்சியில் டச்சுக்காரர்களின் தலைவராக இருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் போன்ற நாட்டு வைத்தியர்களை உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டு எழுதிய ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. அதிலும் இந்தச் செடி ‘சுவன்ன அமல்பொடி’ என்று மலையாளப் பெயரோடும் படத்தோடும் இருக்கிறது. அந்தப் பெயரையே விட்டிருக்கலாம். ஆனால் 1703இல் பிளூமியே என்கிற பிரெஞ்சுத் துறவி, மேற்கிந்தியத் தீவுச் செடி ஒன்றுக்கு, நூறு வருஷம் முன்பே செத்துப்போன ரவுவொல்ஃப் என்ற ஜெர்மன் வைத்தியரின் பெயரைச் சூட்டினார். நம் செடியும் அதே இனம்தான் என்று பின்னால் முடிவாகி, இதற்கும் ரவுவொல்ஃபியா என்றே ஆகிவிட்டது. அந்த மனிதர் பாக்தாத் வரைக்கும் வந்து திரும்பிப் போனவர். சர்ப்பகந்தியைக் கண்ணால் பார்த்ததில்லை; சர்ப்பகந்தியும் அவரைப் பார்த்ததில்லை. வராதவர் பெயரில் பட்டா போடும் வழக்கம் தாவரவியலிலிருந்துதான் நம் ரெவின்யூ ஆபீஸ்களுக்கு வந்தது என்று நினைக்கிறேன்.

திருவனந்தபுரத்தில் 1870இலேயே மனநல மருத்துவமனை வந்துவிட்டது. நமக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ அவர்களுக்கு ஊளம்பாறை. வீட்டுச் சண்டையில் அந்தப் பெயர் வராத நாள் குறைவு. ஆனால் உலகத்தில் எந்த ஊர் மனநல மருத்துவமனையாக இருந்தாலும், 1950 வரைக்கும் உள்ளே இருந்ததெல்லாம் பூட்டு, மின் அதிர்ச்சி, இன்சுலின் கொடுத்து மயக்கத்தில் தள்ளுவது, மிஞ்சிப்போனால் தூக்க மருந்து. மருந்து மலையில் இருந்தது, நோயாளி கொட்டடியில் இருந்தார், நடுவில் பஸ் விடத்தான் ஆளில்லை.

1931இல் இரண்டு பஸ் ஒரே நேரத்தில் வந்தன. தில்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் ஹுசைன் சித்திக்கியும் வேரிலிருந்து படிகம் படிகமாக வேதிப்பொருள்களைப் பிரித்தார்கள். ஒன்றுக்குத் தங்கள் ஆதரவாளர் ஹக்கீம் அஜ்மல் கானை நினைத்து அஜ்மலின் என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் இதய டாக்டர்கள் புருகாடா என்கிற மறைந்திருக்கும் கோளாறை ஈ.சி.ஜி.யில் வெளியே இழுக்க அதை ஊசியில் ஏற்றிப் பார்க்கிறார்கள். அதே வருஷம் கல்கத்தாவில் கணநாத் சேனும் கார்த்திக் சந்திர போஸும், இந்த வேர்ப்பொடி பைத்தியத்தையும் ரத்தக்கொதிப்பையும் தணிக்கிறது என்று ஓர் இந்தியப் பத்திரிகையில் எழுதினார்கள். இந்தியப் பத்திரிகை என்பதால் அடுத்த பதினெட்டு வருஷம் அதை வெளியே யாரும் சீந்தவில்லை.

1949இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் ஒரு காரியம் செய்தார். அதே வேரை 50 ரத்தக்கொதிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்து, முடிவை பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் போட்டார். செடி பழசு, நோய் பழசு, விலாசம் மட்டும் புதுசு. வெள்ளைக்காரர்கள் திடுக்கிட்டு எழுந்தார்கள். 1952இல் பாசல் நகரத்து சிபா கம்பெனி, சித்திக்கிகள் எடுத்த அழகான படிகங்களை விட்டுவிட்டு, மிச்சம் கிடந்த பிசினைக் கிளறி அதிலிருந்து ரிசர்பினை எடுத்தது. 1954இல் நியூயார்க் பக்கம் ராக்லேண்ட் மருத்துவமனையில் நேதன் கிளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்தார். மருந்து வேலை செய்வதை முதலில் கவனித்தது டாக்டர்கள் அல்ல, ஜன்னல் கண்ணாடி மாட்டுகிற ஆள் என்று ஒரு கதை உண்டு. உடைகிற கண்ணாடி குறைந்துபோய் அவர் பிழைப்பு படுத்துவிட்டதாம். 1957இல் வக்கீல், கிளைன் இரண்டு பேருக்குமே லாஸ்கர் பரிசு கிடைத்தது. வேரை அள்ளிக்கொண்டு போன வேகத்தைப் பார்த்து இந்திய அரசு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. கம்பெனிகள் அசரவில்லை. ஆப்பிரிக்காவில் இதன் ஒன்றுவிட்ட தம்பி ‘வொமிட்டோரியா’வைப் பிடித்துக்கொண்டன.

எல்லாம் சரி, அது மூளைக்குள் என்னதான் செய்கிறது? இதைச் சொல்ல மறுபடி தவளைக்குத்தான் போக வேண்டும். கிராட்ஸ் நகரத்து ஆட்டோ லோவிக்கு ஓர் ஈஸ்டர் ராத்திரி கனவில் ஒரு சோதனை தோன்றியது. அரைத்தூக்கத்தில் தாளில் கிறுக்கிவிட்டுப் படுத்தார். காலையில் பார்த்தால் தன் கையெழுத்து தனக்கே புரியவில்லை. மறுநாள் விடிவதற்கு முன் அதே கனவு மறு ஒளிபரப்பு. இந்தத் தடவை தாளை நம்பாமல் நேராகச் சோதனைச்சாலைக்கு ஓடினார். ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அது ஊறிய திரவத்தை இன்னொரு தவளை இதயத்தின்மேல் விட்டார். யாரும் தொடாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவாகியது. நரம்பு மின்சாரத்தால் மட்டும் பேசுவதில்லை, ஏதோ ஒரு ரசாயனத்தைத் துப்பியும் பேசுகிறது என்று 1921இல் தெரிந்தது. லோவிக்கும் லண்டன் ஹென்றி டேலுக்கும் 1936இல் நோபல். தவளைக்கு வழக்கம்போல ஒன்றுமில்லை.

இப்போது ரிசர்பின். மூளையின் நரம்பு செல்லில் டோபமின், செரட்டோனின், நார்அட்ரினலின் என்று சரக்குகள் தயாராகின்றன. தயாரானதும் சின்னச் சின்னப் பைகளில் ஏற்ற வேண்டும். அந்த ஏற்றுக்கூலி வேலையைச் செய்வது ஒரு புரதம். கேரளத்தில் சரக்கு ஏற்றி இறக்குவது யார், அவர்கள் வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்று வித்துரா ஜங்ஷனில் கடை வைத்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரிசர்பின் வந்து உட்கார்ந்ததும் சுமட்டுத் தொழிலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறார். வெளியே கிடக்கிற சரக்கை மோனோஅமீன் ஆக்சிடேஸ் என்கிற நொதி மேய்ந்துவிடுகிறது. பை காலி, கடை மூடல், முழு ஹர்த்தால். நார்அட்ரினலின் இல்லாததால் ரத்தக்குழாய் தளர்ந்து கொதிப்பு இறங்குகிறது. ஆவேசம் அடங்குகிறது. டோபமினும் போய்விட்டதால் சிலருக்குக் கை நடுங்கி, உடம்பு விறைத்து, பார்க்கின்சன் நோயாளி மாதிரியே ஆகிவிடுகிறது. வேலை பார்க்காமல் வேடிக்கை பார்த்ததற்கு வாங்குகிற நோக்குக்கூலியைக் கேரள அரசு 2018இல் தடை செய்தது. மூளைக்குள் அந்த உத்தரவு செல்லாது.

ரத்தக்கொதிப்புக்கு ரிசர்பினைத் தின்றவர்களில் சிலர் மனம் சோர்ந்து படுத்துவிட்டார்கள். ஆகவே இந்தச் சரக்குகள் குறைந்தால் மனச்சோர்வு வரும் என்று ஒரு பெரிய கொள்கையே கட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால் 1955இலேயே லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் மனம் சோர்ந்தவர்களுக்கு இதே ரிசர்பினைக் கொடுத்துப் பார்த்து, தேறுகிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். கொள்கைக்கு ஒத்துவராத நோயாளிகளை யார் கண்டுகொள்வார்கள்?

ரிசர்பின் செரட்டோனினைக் காலி செய்கிறது என்று கண்டுபிடித்தது அமெரிக்காவில் பெர்னார்ட் பிராடியின் கோஷ்டி. அங்கே வேலை பழகப் போன சுவீடன்காரர் ஆர்வித் கார்ல்சன், “மற்ற சரக்கையும் எண்ணிப் பார்க்கலாமே” என்றார். பிராடிக்கு அதில் ருசியில்லை. ஊர் திரும்பிய கார்ல்சன், லுண்டில் முயல்களுக்கு ரிசர்பின் போட்டார். காது தொங்கி, கண் செருகி, பொம்மை மாதிரி விழுந்து கிடந்தன. டோபமினுக்கு மூலப்பொருளான டோபாவை ஊசியில் ஏற்றினார். கால் மணி நேரத்தில் முயல்கள் எழுந்து உலாத்தின. 1957இல் அது நேச்சர் இதழில் வந்தது. 1960இல் லண்டனில் ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னபோது பெரியவர்கள் நம்பவில்லை. டோபா ஒரு விஷம் என்றார் ஒருவர். யார்? தவளை தயவில் நோபலில் பங்கு வாங்கிய அதே ஹென்றி டேல்.

அந்த வருஷமே வியன்னாவில் ஹோர்னிகீவிச், செத்துப்போன பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமின் வறண்டு கிடப்பதைக் காட்டினார். 1961இல் அவரும் பிர்க்மாயரும் எல்-டோபா ஊசி போட்டதும், படுக்கையில் எழுந்து உட்கார முடியாதவர்கள் உட்கார்ந்தார்கள், நிற்க முடியாதவர்கள் நடந்தார்கள்.

இனித்தான் வயிற்றெரிச்சல் கட்டம். அந்த எல்-டோபா நம் பக்கத்துப் பூனைக்காலி விதையிலேயே கொட்டிக்கிடக்கிறது. மலையாளத்தில் நாய்க்குரணை. காயின் மேல் இருக்கிற பொன்னிறச் சுணை பட்டால் ஊரே சொறியும். பள்ளிக்கூடத்தில் பிடிக்காத வாத்தியார் நாற்காலியில் தூவுவதற்கென்றே கடவுள் படைத்த சாமான். அதன் விதையில் எல்-டோபா இருப்பதைப் பிரித்துக் காட்டியது யார்? சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தின் தாமோதரனும் ராமசாமியும், 1937இல். அதற்கு முன் 1913இல் சுவிஸ்காரர் குக்கன்ஹைம் ஐரோப்பிய அவரை ஒன்றிலிருந்து அதே பொருளை எடுத்து, தானே இரண்டரை கிராம் விழுங்கி, வாந்தி எடுத்துவிட்டு, பெரிதாக ஒன்றுமில்லை என்று எழுதி வைத்தார். சுத்தி வளைக்காமல் சொன்னால், மூளையின் கடையை மூடுகிற செடியும் திறக்கிற கொடியும் அகத்தியர் மலையடிவாரத்திலேயே இருந்தன. இரண்டையும் நம் வைத்தியர்கள் தனித்தனியாக நன்றாகவே பயன்படுத்தினார்கள்; ஆயுர்வேதத்தில் கம்பவாதம் என்கிற நடுக்க நோய்க்குப் பூனைக்காலி உண்டு. ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்தி வைக்கத்தான் லுண்டிலிருந்து முயல் வர வேண்டியிருந்தது. ‘எல்லாம் முன்னோர் கண்டது’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிற சித்தப்பாவுக்கும், ‘எல்லாம் மூடநம்பிக்கை’ என்று பதில் போடுகிற மருமகனுக்கும் இதில் சரிபாதி அசடு வழிகிறது.

காட்டு அறிவுக்குக் கடன் தீர்த்த கதை ஒன்றே ஒன்றுதான் இந்தப் பக்கத்தில் உண்டு, அதுவும் வேறு செடிக்கு. 1987இல் தாவர ஆய்வாளர் புஷ்பாங்கதனின் குழு இந்தக் காட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, வழிகாட்ட வந்த காணிக்காரப் பழங்குடியினர் ஏதோ காயைத் தின்றுகொண்டு அலுப்பே இல்லாமல் நடந்தார்கள். நச்சரித்த பிறகு குட்டிமாத்தன் காணியும் மல்லன் காணியும் ஆரோக்கியப்பச்சையைக் காட்டினார்கள். அது பாலோடு தாவரவியல் பூங்காவிலிருந்து ஒரு கோயம்புத்தூர் கம்பெனி வழியாக ‘ஜீவனி’ என்ற மருந்தானது. பூங்காவுக்கு 10 லட்சம் ரூபாயும் 2 சதவீத ராயல்டியும் வந்ததில் பாதி காணிகளின் அறக்கட்டளைக்கு. சர்ப்பகந்திக்காக யாருக்கும் யாரும் ஒரு டீ கூட வாங்கித் தரவில்லை.

2000இல் கார்ல்சனுக்கு நோபல் வந்தது. ஹோர்னிகீவிச்சை ஏன் விட்டீர்கள் என்று இருநூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்துப் போட்டுச் சண்டைக்குப் போனார்கள். ரிசர்பின் மருந்துக்கடையிலிருந்து ஏறக்குறைய ஓய்வு பெற்றுவிட்டது. அதே ஹர்த்தால் தந்திரத்தைக் கொஞ்சம் நாசூக்காகச் செய்கிற டெட்ராபெனசின், ஹண்டிங்டன் நோயில் கைகால் தானாக ஆடுவதை அடக்க இன்றும் எழுதப்படுகிறது.

பார்க்கின்சனுக்கு வாய்வழியாகவே டோபாவைத் தாராளமாகக் கொடுக்கலாம் என்று நியூயார்க்கில் காட்சியஸ் காட்டியது 1967இல். கேரள அரசு லாட்டரி ஆரம்பித்ததும் அதே 1967இல். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் டோபமினைப் போல நடிக்கிற பிரமிபெக்ஸோல் வகை மாத்திரைகள் சில நோயாளிகளை, வாழ்நாளில் சீட்டே தொடாதவர்களைக்கூட, சூதாட்டப் பித்தர்களாக்கிவிடுகின்றன. அதனால் டாக்டர்கள் வீட்டாரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பது வழக்கம். வித்துராவிலிருந்து போகிற ஒரு சேச்சியிடம், “சாருக்குச் சமீபமா லாட்டரி எடுக்கிற பழக்கம் உண்டா?” என்று டாக்டர் கேட்பதாக வைத்துக்கொள்வோம். “எடுப்பாரே, அம்பது வருஷமா தினம் ரெண்டு டிக்கெட்” என்பார் சேச்சி. “இந்த மாத்திரை போட்டதிலிருந்து ஒண்ணு கூட எடுக்கலை டாக்டரே, அதான் பயமா இருக்கு.”