சிவப்புப் பொத்தான்

ஆந்திராவிடமிருந்து திருத்தணியை மீட்க ம.பொ.சி. பட்ட பாடு நாடறிந்தது. படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று தாலுகா நம் பக்கம் வந்தது. தேதியைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது. எல்லைக்கோடுதான் நகர்ந்தது, கே.ஜி.கண்டிகைப் பக்கத்து நாக்குகள் இருந்த இடத்திலேயே இருந்தன. எங்கள் அத்தை கணக்குப் போடுவது தமிழில், திட்டுவது தெலுங்கில்.

நம் பக்கம் வந்ததால் நம் பக்கத்து இலவசங்களும் வந்தன. 2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள்: கலைஞர் இலவச கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கினார். 2011 செப்டம்பர் 15, அதே அண்ணா: எங்கள் மாவட்டத்துக் காக்களூரில் ஜெயலலிதா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுக்கத் தொடங்கினார். பெட்டிக்குள் என்ன என்பதில்தான் இரண்டு கட்சிக்கும் தகராறு.

எங்கள் வீட்டு மிக்ஸியோடு ஒரு சின்னப் புத்தகமும் வந்தது. புத்தகம் என்றால் சரஸ்வதி, கால் படக்கூடாது என்று அத்தை அதைச் சாமி அலமாரியில் ஏற்றிவிட்டார். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம். பிரித்துப் படிப்பதெல்லாம் அபசாரம். முதல்வர் படம் தெரிகிற பக்கம் முன்பக்கம். அதற்குமேல் என்ன தெரிய வேண்டும்?

ஒருநாள் சொட்டுத் தண்ணீர் விடாமல் வேர்க்கடலைச் சட்னி அரைத்தார். மிக்ஸி உறுமியது, முனகியது, நின்றது. "காலிபோயிந்தி!" தெலுங்கில் கருகிவிட்டது என்று அர்த்தம், தமிழ்க் காதுக்குக் காலி. இரண்டு மொழியிலும் ஒரே சாவு.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி போகிற திருத்தணி மலைக்கு மிக்ஸியும் போயிற்று. அடிவாரத்து ரிப்பேர் கடைக்காரர் அதை வாங்கி, திரைக்குப் பின்னால் கொண்டுபோய், அரை நிமிடத்தில் ஓடவிட்டுக் கொண்டுவந்தார். நூறு ரூபாய். இப்படி மூன்று முறை. ராசியான கை என்று அத்தை ஊரெல்லாம் சொன்னார்.

நாலாம் முறை எனக்குப் பொறுக்கவில்லை. சந்தனத்தைச் சுரண்டிவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தேன். ஐந்து நிமிடம் ஓட்டினால் இரண்டு நிமிடம் ஓய்வு கொடுக்கவும் என்றிருந்தது. (2012இல் மின்வெட்டு அந்த விதியை எங்கள் சார்பில் நாள் முழுக்கக் கடைப்பிடித்தது.) அடுத்த பக்கத்தில் ஒரே வரி: சுமை மிகுந்து நின்றால் அடியிலுள்ள சிவப்புப் பொத்தானை அமுக்கவும். மோட்டார் திணறிச் சூடேறினால் உள்ளே ஒரு உலோகப் பட்டை வளைந்து கரண்டை வெட்டிவிடும். ஆறியதும் அமுக்கினால் பழையபடி ஓடும். மிக்ஸியைக் கவிழ்த்தேன். புளியங்கொட்டை அளவுக்குச் சிவப்பாக ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. டிக்.

அத்தை நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு கடைக்காரரைப் பற்றித் தெலுங்கில் பேசினார்.

அடுத்த ஆயுத பூஜையன்று பார்த்தபோது மிக்ஸி தலைகீழாகக் கிடந்தது. குங்குமப் பொட்டு பொத்தான் மேல்.