பச்சைச் சட்டையும் பூநாரையும்

வா பேராண்டி, இப்பிடித் திண்ணையில உக்காரு. லீவுக்கு ராமேஸ்வரம், தனுஷ்கோடின்னு கடலோரமாக் காரு ஓட்டப் போறியாமே? பறவை, மிருகமெல்லாம் பார்க்கப் போறியாமே? ஒங்கப்பன் சொன்னான். போயிட்டு வா. யாரு வேணாம்னா? மதுரைப் பக்கத்துக்காரனுக்குக் கடல்னா ஒரு கிறுக்குத்தான். வைகையில முழங்கால் தண்ணி வந்தாலே பாலத்துல நின்னு வேடிக்கை பாக்குற சனம் நாம. ரெண்டு பக்கமும் கடலக் கண்டா மனசு துள்ளத்தானே செய்யும்?

ஆனா ஒன் காரு டிக்கி தெறந்து கெடந்துச்சு. எட்டிப் பார்த்தேன். ட்ரோனு ஒண்ணு. மூணு காலு ஸ்டாண்டு ஒண்ணு. மடக்கு நாற்காலி. ஐஸ் பொட்டி. பாட்டுப் போடுற டப்பா. எல்லாத்துக்கும் மேல மடிச்சு வச்சிருந்தியே ஒரு சட்டை, பச்சையும் பழுப்புமாத் திட்டுத்திட்டா. பட்டாளத்துக்கா போற? கேட்டா, பறவைக்குத் தெரியாம நிக்கிறதுக்குங்கிற. ஏண்டா அப்பு, தனுஷ்கோடி என்ன அடர்ந்த காடா? வெள்ள மணலு, நீலத் தண்ணி. அங்கிட்டுப் பச்சச் சட்டையோட நீ நின்னா, 30 கிலோமீட்டருக்குள்ள இருக்குற தலைமன்னார்க்காரனுக்கே தெரியும். தலைக்கு மேல போற பறவைக்குத் தெரியாதாக்கும்?

சரி, அத விடு. எத்தன மணிக்குக் கெளம்புற? இங்கன ஒத்தக்கடையில இருந்து சுத்துச்சாலையப் பிடிச்சு விரகனூரு போயி, திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம்னு போனா ராமேஸ்வரம் 170 கிலோமீட்டர் சொச்சந்தான். கோழி கூப்புடக் கெளம்பினா வெயில் ஏறுறதுக்குள்ள போயிரலாம். நீ எந்திரிக்கிறதே எட்டு மணிக்கு. அப்பறம் காருக்கு முன்னாடி குடும்பத்த நிறுத்திப் படம் எடுத்து, கெளம்பிட்டோம்னு ஊருக்கெல்லாம் தண்டோராப் போட்டு, வழியில ரெண்டு எடத்துல காபி குடிச்சு, போய்ச் சேர்றப்ப உச்சி வெயிலு. மண்டையப் பொளக்குற அந்த நேரத்துல எந்தப் பறவைடா ஒனக்காக ஆடிக்கிட்டு நிக்கும்? சாயங்காலம் பார்த்துக்கலாம்னு நெனச்சியா? பொழுது சாயிறதுக்குள்ள தனுஷ்கோடி அரிச்சல்முனையில இருந்து போலீஸ்காரவுக வெளிய அனுப்பிருவாக.

வழியில நடக்குற கூத்து இன்னொண்ணு. நாலுவழிச் சாலையில ஒருத்தன் பறந்துக்கிட்டே வருவான். குறுக்க ஒரு மயிலு வரும். சடார்னு பிரேக்கு. பின்னாடி வர்ற லாரிக்காரன் குலசாமியக் கும்புடுவான். இவன் எறங்கி நின்னு 'வாவ்'ங்கிறான். என்னடா வாவ்வு? நம்ம யானைமலை அடிவாரத்துல வந்து பாரு. வெதச்ச கடலைய வரிசை பிசகாம நோண்டித் தின்னுட்டு, வரப்புல ஏறித் தோகைய விரிக்கும். தேசியப் பறவை. ஒரு கல்லெடுத்து விட்டெறிய முடியுமா? வெவசாயி தேசியப் பிராணி இல்ல பாரு, அவனுக்காக எவனும் பிரேக்குப் போடுறதில்ல. அழகர்மலைக் கொரங்குக்கு சிப்ஸு பாக்கெட்ட நீட்டுறதும் இந்தச் சாதிதான். அப்பறம் கைப்பையக் கொரங்கு புடுங்கிட்டுப் போயிருச்சுன்னு கத்துறது. குடுத்துப் பழக்கினது யாரு?

கடலோரச் சாலைன்னதும், சன்னலத் தெறந்தா அலை மூஞ்சியில தெறிக்கும்னு நெனச்சுருப்ப. ராமநாதபுரத்துல இருந்து கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடின்னு கிழக்குக் கடற்கரைச் சாலையில தூத்துக்குடிப் பக்கமாப் போய்ப் பாரு. சீமைக் கருவேலம் வரும். பனை வரும். உப்பளம் வரும். கடலு எங்க? அது பாட்டுக்கு ஊருக்குப் பின்னாடி கெடக்கு. பார்க்கணும்னா வண்டிய ஓரங்கட்டி, ஊருக்குள்ள நடந்து, வலை பொத்திக்கிட்டு இருக்குறவர்கிட்ட வழி கேட்டு, மணல்ல காலு புதையப் போகணும். ஒனக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம்? மேப்புக்காரி சொன்ன நிமிசத்துக்குள்ள போய்ச் சேரலைன்னா மானம் போயிருமே!

பாம்பன் பாலத்துல ஏறினா மட்டும் கடலு தானா வந்து காட்சி குடுக்கும். 1914-ல இருந்து அங்க ரயிலுப் பாலம் மட்டுந்தான் இருந்துச்சு. ரோட்டுப் பாலம் 1988-ல வந்துச்சு. ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளம். அது மேல வண்டிய நிறுத்தாதேன்னு சொல்றாக. எல்லாப் பயலும் அங்கனதான் நிறுத்துவான். கேட்டா தூக்குப் பாலம் பார்க்குறானாம். பழசு நடுவுல ரெண்டாப் பிரிஞ்சு ரெண்டு பக்கமும் தூக்குச்சு. 2025 ஏப்ரல்ல தெறந்த புதுசுல நடுத்துண்டு அப்பிடியே செங்குத்தா மேல ஏறுது. பார்க்க வேண்டிய சங்கதிதான், நான் இல்லைங்கல. பாலத்த விட்டு எறங்கி, ஓரமா நின்னு பார்த்தா கண்ணு அவிஞ்சா போகும்? நடுப் பாலத்துல நிறுத்துறியே, பின்னாடி ஆம்புலன்சு வந்தா அதுவும் செங்குத்தா மேல ஏறுமா?

தனுஷ்கோடியில ஒண்ணு சொல்றேன், சிரிக்காமக் கேளு. 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயல்ல அந்த ஊரு போச்சு. பாம்பன்ல இருந்து போன பாசஞ்சர் ரயிலு ஆளுகளோட கடலுக்குள்ள போச்சு. அதுக்கப்பறம் சனம் குடியிருக்க லாயக்கில்லாத ஊருன்னு அரசாங்கமே சொல்லிருச்சு. ரொம்ப வருசம் மீன் வண்டியிலயும் ஜீப்புலயும் மணல்ல குலுங்கிக் குலுங்கித்தான் போகணும். 2017-லதான் அரிச்சல்முனை வரைக்கும் தாரு ரோடு. ரோடு வந்ததும் என்னாச்சு? இடிஞ்ச சர்ச்சுச் சொவத்துக்கு முன்னாடி ஒதட்டக் குவிச்சுக்கிட்டு, ரெண்டு வெரல நீட்டிக்கிட்டு நிக்கிறாய்ங்க. எழவு வீட்டு வாசல்ல நின்னு இப்பிடிப் பல்லக் காட்டுவியாடா? அங்கிட்டுப் பொறிச்ச மீனு விக்கிற அம்மாகிட்ட ரெண்டு துண்டு வாங்கித் தின்னுக்கிட்டே, இந்தச் சொவரு என்னன்னு கேளு. அதுக்குக் காசு வாங்க மாட்டாக. கடல்ல மட்டும் எறங்காத. ஒரு பக்கம் பெண்கடல், ஒரு பக்கம் ஆண்கடலும்பாக. முனையில ரெண்டும் சேர்ற எடத்துல நீச்சல் குளத்து வித்தையெல்லாம் எடுபடாது.

இப்ப நீ பார்க்கணுங்கிற பூநாரைக்கு வருவோம். மழைக்காலம் முடிஞ்சு, தை மாசி வாக்குல கோதண்டராமர் கோயிலுப் பக்கம் தேங்கி நிக்கிற தண்ணியில வந்து எறங்கும். நீ எப்பப் போற? மே மாசம். போயி நின்னுக்கிட்டு, எங்க பூநாரைன்னு ஆட்டோக்காரரோட மல்லுக்கு நிப்ப. அப்பு, மே மாசம் லீவு ஒனக்குத்தான். பூநாரைக்கு எவன் பள்ளிக்கூடம் நடத்துறான்?

அது தின்னுறத நின்னு பார்த்திருக்கியா? நின்னு பார்த்தாத்தான ருசி தெரியும். ரெண்டு காலாலயும் சேத்த மிதிச்சு மிதிச்சு, நின்ன எடத்துலயே சுத்திச் சுத்திக் கலக்கும். அப்பறம் அந்த நீளக் கழுத்தக் கீழ எறக்கி, தலையத் தலைகீழாக் கவுத்து, மேலலகு அடியில வர்றாப்புல தண்ணிக்குள்ள விடும். நாக்கு உள்ளுக்குள்ள படபடன்னு தண்ணிய இழுத்து இழுத்து வெளிய தள்ளும். அலகோரத்துல சல்லடைப் பல்லு இருக்கு. பொடி எறா, பாசி, பூச்சி அதுல நின்னுக்கிரும். அந்த ரோசு நெறம் பொறக்குறப்பவே வர்றதில்ல, தீனியில இருந்து ஏறுறது. குஞ்செல்லாம் சாம்பக் கலருதான். பரோட்டாவுக்கு இந்தக் கொணம் இல்லாமப் போச்சு, இருந்திருந்தா மதுரையில பாதிப் பேரு மைதாக் கலர்லதான் திரிவோம்.

இத அரை மணி நேரம் சும்மா ஓரமா உக்காந்து பார்த்தாப் போதும். ஒன்னால முடியாது. கையத் தட்டுவ. கல்ல விட்டெறிவ. ஏன்னா அது பறந்தாத்தான் றெக்கைக்குள்ள இருக்குற செவப்பு வீடியோவுல விழுமாம். அம்புட்டுப் பெரிய ஒடம்பு சட்டுன்னு எழும்புமா? தண்ணி மேல தடதடன்னு ஓடித்தான் எழும்பணும். அந்தச் சாதி நம்ம நாட்டுல கூடு கட்டுற எடம் குஜராத்துல கட்ச் உப்புச் சதுப்பு. இங்கிட்டு வர்றது எரை தேடி. தின்ன தீனி ஒடம்புல ஒட்டுறதுக்குள்ள ஒருத்தன் மாத்தி ஒருத்தன் கெளப்பி விட்டா? நீ சோத்துல கைய வைக்கிறப்பல்லாம் ஒருத்தன் வந்து எந்திரி எந்திரின்னா ஒனக்கு எப்பிடி இருக்கும்? 2025-ல அரசாங்கம் அந்தப் பக்கத்தப் பூநாரைச் சரணாலயம்னு அறிவிச்சிருக்கு, சுமார் 525 ஹெக்டேர். இனிமே கல்லெடுத்தா வனத்துறைக்காரவுக ஒன்னக் கெளப்பி விடுவாக. ட்ரோனா? உச்சிப்புளியில கடற்படைக்கு விமானதளம் இருக்கு. பேரே ஐஎன்எஸ் பருந்து. அனுமதி வாங்காம விட்டுப் பாரு, எந்தப் பருந்து மொதல்ல வருதுன்னு பார்ப்போம்.

ஆவுளியாவையும் பார்க்கணும்னியாமே? அதான், கடல்பசு. கடலடியில புல்லு மேயிற பிராணி, மூச்சு விட மட்டும் மேல வரும். 2022-ல பாக் விரிகுடாவுல தஞ்சாவூரு, புதுக்கோட்டைக் கடலோரமா 448 சதுர கிலோமீட்டர அதுக்குன்னு ஒதுக்குனாக. இந்தியாவுலயே அது மொதல் காப்பகம். அந்தக் கடல்லயே பொழப்பு நடத்துற மனுசருக்கே அது எப்பவாச்சும்தான் கண்ணுல படும். வலையில சிக்கினா வலைய அறுத்து விட்டுடுற மீன்பிடிக்காரவுக இருக்காக. ஒரு வலை என்ன வெல விக்கிதுன்னு விசாரி. அவுக வலையவே விடுறாக. நீ படகுக்கு டிக்கெட்டு எடுத்ததுக்கு ஆவுளியா வந்து தலையக் காட்டணுங்கிற. காட்டலைன்னா காச திருப்பிக் கேப்ப. தண்டிதான்.

போற வழியில நீ பார்க்காமத் தாண்டுற சங்கதி இருக்கே, அதச் சொல்லவா? ராமநாதபுரத்த ஒட்டியே சக்கரக்கோட்டைக் கண்மாய். பறவைகள் சரணாலயம். 2025-ல ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியல்ல சேர்த்தாக, தேர்தங்கலையும் சேர்த்தே. முதுகுளத்தூருப் பக்கம் சித்திரங்குடியும் கஞ்சிரங்குளமும் 2022-லயே சேர்ந்துருச்சு. எல்லாம் என்ன? வெவசாயத்துக்கு வெட்டுன கண்மாய். உள்ள கருவேல மரம். மரத்துல கூடு. கூட்டுக்குக் கீழ எச்சம். எச்சம் விழுந்த தண்ணி வயலுக்குப் போகுது. பறவைக்கு எடம், சம்சாரிக்கு உரம். எவன் போட்ட ஒப்பந்தம் இது? ஒருத்தனும் போடல. ஒனக்கு அங்கிட்டு ரீலு எடுக்க அலை இல்ல, அதனால அது ஊரே இல்லைங்கிற.

நம்ம பக்கத்துக்கே வா. மேலூருப் பக்கம் அரிட்டாபட்டி. 2022-ல தமிழ்நாட்டுல மொதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்னு அதத்தான் அறிவிச்சாக. பாறையில வல்லூறு இருக்கு, அடிவாரத்துல தேவாங்கு இருக்கு, எறும்புதின்னி இருக்கு. அங்க டங்ஸ்டன் தோண்டுறோம்னு கெளம்பினப்ப, 2025 சனவரியில மேலூருச் சனம் மதுரைக்கே நடந்து வந்து வேணாம்னுச்சு. அந்த மாசமே சுரங்க ஏலம் ரத்து. சனம் நடந்து வந்த அன்னிக்கு நீ டிராபிக் ஜாம்னு வஞ்சுக்கிட்டு இருந்த.

இன்னுங் கொஞ்சம் வடகிழக்க போனா திருப்பத்தூருக்குப் பக்கத்துல வேட்டங்குடி. 1977-லயே சரணாலயம் ஆன கண்மாய். மழை நல்லாப் பேஞ்ச வருசம் போகணும். நத்தைகுத்தி நாரை, உண்ணிக்கொக்கு, நீர்க்காகம், அரிவாள்மூக்கன்னு மரத்துல எலைக்கு எடமிருக்காது. அத ஒட்டித்தான் கொள்ளுக்குடிப்பட்டி. அந்த ஊருல தீபாவளிக்கு வெடி கெடையாது. கோயில் திருவிழாவுக்கும் கெடையாது. கூட்டுல இருக்குற குஞ்சு பயந்துருமாம். ஒரு வருசம் ரெண்டு வருசமில்ல, தாத்தன் காலத்துல இருந்து அப்பிடித்தான். வனத்துறைக்காரவுக தீபாவளிக்கு மிட்டாய் வாங்கிட்டு வந்து குடுத்துட்டுப் போவாக. பக்கத்து ஊருல டமார் டுமீர்னு கேக்கும், அங்க இருக்குற பொடிசுக மிட்டாயச் சப்பிக்கிட்டு வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கும். எட்டு வயசுப் பய சரவெடிய விட்டுக் குடுக்குறான். ஒன்னய, பாட்டுப் போடுற டப்பாவ ஒரு அரை மணி நேரம் அமத்துடான்னா, 'வைபு போச்சு தாத்தா'ங்கிற.

ராமேஸ்வரம் போறதுன்னா போ, நான் தடுக்கல. திரும்பி வந்தப்பறம், நல்லா மழை பேஞ்சதும் ஒரு நா விடியக்காலம் வேட்டங்குடிக்கும் போயிட்டு வா. காரை ஊருக்கு வெளியவே நிறுத்திட்டு நட. டீக்கடையில உக்காந்து, இந்த வருசம் தண்ணி எம்புட்டு, பறவை எந்தப் பக்கம்னு கேளு, பக்குவமாச் சொல்லுவாக. பழக்க தோசத்துல ஹாரன மட்டும் அமுக்கிறாத. பறவைன்னா பறந்து போயிரும். கொள்ளுக்குடிப்பட்டிக்காரன் பறக்க மாட்டான், நேரா ஒன் காருகிட்டத்தான் வருவான்.