சந்தேகம் இருந்தால்தான் காதல்

கேள்வி: காதலும் கொலையும் கலந்த ஆங்கில நாவல்கள் ஏன் ஏதாவதொரு சின்ன மலையூரிலேயே நடக்கின்றன?

பதில்: பெருநகரத்தில் பிணம் விழுந்தால் கோடிப் பேரைச் சந்தேகிக்க வேண்டும், கதாசிரியருக்குக் கட்டுப்படியாகாது. மலையூரில் சில நூறு பேர், ஒரே சாலை. பனி கொட்டிவிட்டால் அதுவும் இல்லை. கொலைகாரனும் தப்ப முடியாது, காதலுக்கு முரண்டு பிடிக்கும் கதாநாயகியும் தப்ப முடியாது.

நோரா ராபர்ட்ஸின் ‘நார்தர்ன் லைட்ஸ்’ (2004) அலாஸ்காவின் ஒரு கற்பனை ஊரில் நடக்கிறது. பால்டிமோரிலிருந்து மனம் நொந்து வந்த போலீஸ்காரர், சிறு விமானம் ஓட்டும் பெண்ணிடம் மனதைப் பறிகொடுக்கிறார். குடும்பத்தை விட்டு ஓடிப்போனதாக நினைத்திருந்த அவள் அப்பாவோ, பல வருடங்களாகப் பனிக்குகையில் உறைந்து கிடக்கிறார், நெஞ்சில் பனிக்கோடரியோடு! தடயத்தைக் கெடாமல் காப்பதில் குளிருக்கு நிகர் எந்த இன்ஸ்பெக்டரும் இல்லை.

என் ஓட்டு மேரி ஸ்டூவர்ட்டின் ‘நைன் கோச்சஸ் வெய்ட்டிங்’ (1958) நாவலுக்கு. பிரெஞ்சு மலைப்பகுதியில் ஒரு மாளிகை, உயிருக்கு ஆபத்திலுள்ள ஒரு வாரிசுச் சிறுவன், அவனுக்குப் பாடம் சொல்ல வந்த இளம்பெண். தான் காதலிப்பவனும் சதியில் கூட்டோ என்று அவள் தவிக்கும் பக்கங்களில் காபி ஆறிப்போகும்.

எனக்கு ஒரே ஆச்சரியம்: இத்தனை கொலை விழுந்தும் இந்தக் கதை ஊர்களில் யாரும் வீட்டைக் காலி செய்வதாகக் காணோம்.