கொட்டைப்பாக்கு விலை நூறு சதவீதம்

பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டவனுக்குக் கொட்டைப்பாக்கு விலை சொன்ன ஆளைத் தமிழ்நாடு தலைமுறை தலைமுறையாகக் கேலி செய்து வருகிறது. எனக்கு அந்த ஆள்மேல் இரக்கம் உண்டு. விலையையாவது சரியாகச் சொல்லியிருப்பார். கேட்டவர்தான் தவறான கடையில் நின்றுவிட்டார். வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் நாம் எல்லோரும் அந்தக் கடை வாசலில்தான் நிற்கிறோம். “ஏன் இது இப்படி ஊர்கிறது?” என்பது நம் கேள்வி. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வந்து “சிபியு 100%” என்கிறது. அதை நாம் வழி என்றே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். ஒருவர் ரேம் வாங்கப் போகிறார், இன்னொருவர் இருக்கிற ஆன்டிவைரஸுக்குத் துணையாக இரண்டாவது ஆன்டிவைரஸ் போடுகிறார். போதாக்குறைக்கு, நம் ஊரில் சிபியு என்றால் மேசைக்கடியில் நிற்கும் பெட்டி மொத்தத்துக்கும் அதுதான் பெயர். “சிபியு நூறு” என்றதும் பெட்டி நிரம்பிவிட்டது என்று கல்யாண ஃபோட்டோக்களை அழிக்க உட்காருகிறவர்களும் உண்டு.

அந்த நூறு எதன் நூறு? பொதுவாகச் சொன்னால், ப்ராசஸர் ஓய்வில்லாமல் இருந்த நேரத்தின் அளவு. இதைப் புரிந்துகொள்ள பட்டுக்கோட்டைக்காரர்களுக்குப் பாடப்புத்தகம் தேவையில்லை. மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-இல் வந்த கல்லணைக் கால்வாய், அதாவது ஊர்க்காரர்கள் பேச்சில் புதாறு, ஒரத்தநாடு தாண்டி இந்தப் பக்கத்து வயல்களுக்கு வருகிறது. தண்ணீர் குறைந்த வருஷத்தில் முறை வைத்து விடுவார்கள்: இத்தனை நாள் இந்த வாய்க்காலுக்கு, அத்தனை நாள் அடுத்ததற்கு. விண்டோஸுக்குள் இருக்கும் ஷெட்யூலரும் மதகில் நிற்கும் லஸ்கர் மாதிரிதான். நாள் கணக்குக்குப் பதிலாக மில்லி வினாடிக் கணக்கு. பிரவுசருக்குக் கொஞ்சம், பாட்டுக்குக் கொஞ்சம், நமக்குத் தெரியாமல் பின்னால் ஓடும் ஐம்பது அறுபது வேலைகளுக்குக் கொஞ்சம் என்று ஷட்டரை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். கால்வாய் இரு கரையும் தொட்டு ஓடுகிறதே என்று எந்த விவசாயியும் கலெக்டரிடம் மனு கொடுத்ததில்லை. அப்படி ஓடியும் கடைமடைக்கு வரவில்லை என்றால்தான் சாலை மறியல். கேட்க வேண்டியது கால்வாயில் எவ்வளவு ஓடுகிறது என்பதை விட, யார் வயலில் பாய்கிறது என்பதுதான்.

எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதினால் நிரபராதி உள்ளே போவான், குற்றவாளி டீ குடிப்பான். டாஸ்க் மேனேஜரின் விவரப் பட்டியலைத் திறந்தால் ‘சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்’ என்றொரு பெயர் 97 என்று உச்சியில் இருக்கும். பார்த்தவர் பதறிப்போய் அதை நிறுத்த முயல்வார், அது நிற்காது. உண்மையில் அது வேலையே இல்லாத நேரத்துக்கு வைத்த பெயர். திண்ணையில் காலாட்டிக்கொண்டு இருப்பவரை, ‘நாள் முழுக்க இவர்தான் உழைத்துக் களைத்தார்’ என்று எழுதிவைத்த மாதிரி. இதற்கு நேர்மாறான ஏமாற்றும் உண்டு. நான்கு கோர் உள்ள பழைய ப்ராசஸரில் 25 சதவீதம் என்று சாதுவாகத் தெரியும். ஆனால் ஒரே ஒரு புரோகிராம் ஒரு கோரை முழுதாகப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாலும் கணக்கு 25-தான். நான்கு பேர் நடவுக்கு வந்து ஒருவர் மட்டும் சேற்றில் சிக்கியிருக்க, மற்ற மூவரும் வரப்பில் வெற்றிலை போடும் நிலை. நூறைப் பார்த்து அலறுகிற வீடு இந்த இருபத்தைந்தைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கும். சிபியு பத்துகூட இல்லை, ஆனாலும் ஊர்கிறது என்றால் பக்கத்திலேயே டிஸ்க் என்றொரு பத்தி இருக்கிறது. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள வீடுகளில் வழக்கை அங்கேதான் நடத்த வேண்டும்.

ஆக, சிபியு என்ற தலைப்பை ஒரு தட்டு தட்டினால் அதிகம் குடிப்பவர் மேலே வருவார். அவர் யார் என்பதைப் பொறுத்தே மருந்து. விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் என்றால் அப்டேட் ஏறுகிறது, பொறுத்திருப்பதே வைத்தியம். தேடல் இண்டெக்ஸர் என்றால், புதிதாகக் கொட்டிய ஐயாயிரம் ஃபோட்டோவுக்கு அது வி.ஏ.ஓ. மாதிரி அடங்கல் எழுதிக்கொண்டிருக்கிறது. எழுதி முடித்தால் எழுந்து போய்விடும். ‘சிஸ்டம் இன்டரப்ட்ஸ்’ விடாமல் ஏறி நின்றால் டிரைவரையோ, கோளாறான ஏதோ ஒரு பாகத்தையோ சந்தேகப்படலாம். குரோம் என்றால் விசாரணை பாதியில் நிற்கிறது, ஏனென்றால் குரோம் தனி ஆள் இல்லை, கூட்டுக்குடும்பம். அதற்குள்ளேயே ஷிஃப்ட், எஸ்கேப் அமுக்கினால் எந்த டேப் சாப்பிடுகிறது என்று பந்தி வரிசை தெரியும். பெரும்பாலும் அது யூடியூப். இன்டெல்லின் ஏழாம் தலைமுறைக்கு முந்திய சிப்புகளில் யூடியூப் அனுப்பும் விபி9 வகை வீடியோவைப் பிரித்துக் காட்ட முழுமையான தனி வசதி கிடையாது. அந்த வேலையும் ப்ராசஸர் தலையில் விழும். 2011-இல் தொடங்கிய அரசு விலையில்லா லேப்டாப் திட்டத்தின் ஆரம்ப கால மெஷினில் இன்று சீரியல் பார்த்தால் ஃபேன் கதறுவது இயல்பு. நாயகி அழுவதற்கு முன்பே அது அழுதுவிடும்.

நூறிலேயே ஓடினால் சூடாகி எரிந்துவிடாதா என்பது நியாயமான கேள்வி. இன்றைய ப்ராசஸர் தன் வெப்ப எல்லையை நெருங்கினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காவிட்டால் கம்ப்யூட்டரே அணைந்துவிடும். இதில் ஒரு கூத்தும் இருக்கிறது. வேகம் குறைந்ததும் அதே வேலைக்கு அதிக நேரம் பிடிக்கிறது, ஓய்வு குறைகிறது, எண் ஏறுகிறது. நூறால் சூடு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, சில வீடுகளில் சூட்டால்தான் நூறு. அக்னி நட்சத்திரத்தில், இலவம்பஞ்சு மெத்தைமேல் லேப்டாப்பை வைத்து, அதன் மூச்சுத்துளையையும் அடைத்துவிட்டு, வைரஸைத் தேடுகிறோம். தூசி தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினாலே பாதி வைரஸ் ஓடிவிடும்.

அப்படியானால் திருட்டே இல்லையா என்றால், இருக்கிறது. 2017-இல் வந்து 2019 மார்ச்சில் மூடப்பட்ட காயின்ஹைவ் என்ற நிரலைத் தங்கள் பக்கத்தில் செருகிய இணையதளங்கள், பார்க்க வந்தவரின் ப்ராசஸரில் மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டின. ராத்திரியில் அடுத்தவன் மதகைத் திறந்து தன் வயலுக்குப் பாய்ச்சுகிற பழைய வித்தைதான். டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் வேலையை நிறுத்திவிட்டு, மூடியதும் மறுபடி தொடங்கும் திருட்டு நிரல்களும் உண்டு. லஸ்கரின் சைக்கிள் மணி கேட்டதும் மண்வெட்டியை ஒளித்துவைப்பது போல. எண்ணை நம்பாதே என்கிற என் கட்சிக்கு இது இன்னொரு சாட்சி.

“ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடுகிறதே, பிறகு எதற்கு இந்த விசாரணை?” என்பார்கள். சரியாவது உண்மைதான், மறுக்கவில்லை. ஊரையே காலி செய்தால் களவு நிற்கும்தான். ஒரு வாரத்தில் அதே பன்னிரண்டு புரோகிராமும் திரும்ப ஏறி, ஆன் பண்ணியதும் ஓடும் பட்டியலில் துண்டு போட்டு இடம் பிடித்துவிடும். ஃபார்மட்டுக்கு முன்னால் ரீஸ்டார்ட் என்று ஒன்று இருக்கிறது. “நாங்கள்தான் தினமும் ராத்திரி அணைக்கிறோமே” என்று வீடே சத்தியம் செய்யும். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் உள்ள கம்ப்யூட்டரில் ஷட் டவுன் என்பது பந்த் நாளில் கடைக்காரர் இறக்கும் அரை ஷட்டர். உள்ளே இயங்குதளத்தின் நடுப்பகுதி அப்படியே டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும், காலையில் அதையேதான் எடுத்துப் போடும். முழுதாக இறங்கி ஏறுவது ரீஸ்டார்ட்டில்தான். டாஸ்க் மேனேஜரின் சிபியு பக்கத்தில், கீழே, ‘அப் டைம்’ என்று ஒரு சின்ன வரி இருக்கும். தினமும் அணைக்கிற வீட்டில் அது நாற்பது நாள் என்று காட்டும்.