பதினேழு குண்டுகள், ஐந்து மதிப்பெண்

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' 1960இல் வந்தது. மறு வருடமே புலிட்சர் பரிசு. அன்றிலிருந்து அமெரிக்கப் பிள்ளைகள் அதைப் பாடமாகப் படித்து, அட்டிகஸ் ஃபின்ச் என்ற வெள்ளை வக்கீலுக்குக் குணச்சித்திரம் எழுதித் தள்ளுகிறார்கள். நேர்மை, பொறுமை, மூக்குக்கண்ணாடி.

அவருடைய கட்சிக்காரர் டாம் ராபின்சன், கறுப்பர். பஞ்சு ஜின்னிங் மெஷினில் சிக்கி இடது கை சூம்பிப்போனவர். அடி விழுந்ததோ அவர்மேல் புகார் சொன்ன வெள்ளைப் பெண்ணின் முகத்தின் வலப்பக்கம். அவளுடைய அப்பன் இடதுகைக்காரன் என்பதை ஜூரி கண்ணாலேயே பார்க்கிறது. பார்த்துவிட்டு, டாம்தான் குற்றவாளி என்கிறது. பிறகு ஜெயிலிலிருந்து தப்ப ஓடினாராம், உடம்பில் பதினேழு குண்டுகள். இதையெல்லாம் படித்த பிள்ளைக்குக் கேள்வி: 'மாக்கிங்பேர்ட் எதன் குறியீடு? ஐந்து மதிப்பெண்.' செத்தவனை விட்டுவிட்டுப் பறவையைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிள்ளைகளை ஏன் குறை சொல்ல வேண்டும்? லீ பிறந்த ஊரே அப்படித்தான் படித்திருக்கிறது. அலபாமாவின் மன்றோவில். பழைய கோர்ட் இப்போது மியூசியம். நாவலைப் படமாக்கிய ஹாலிவுட்காரர்கள் அதைப் பார்த்துத்தான் செட் போட்டார்கள், அட்டிகஸாக நடித்த கிரெகரி பெக் ஆஸ்கர் வாங்கினார். வருடாவருடம் வசந்த காலத்தில் அங்கே நாவலை நாடகமாகப் போடுகிறார்கள். முதல் பாதி வெளியே புல்தரையில், விசாரணை மட்டும் உள்ளே, நிஜக் கோர்ட்டில். ஜூரிக்கு ஆள் பார்வையாளர்களிலிருந்தே. டிக்கெட் வாங்கி, டாமைக் குற்றவாளி என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். 1997இல் அலபாமா வக்கீல்கள் சங்கம் அட்டிகஸுக்கு நினைவுச்சின்னமும் வைத்தது. பிறக்கவே பிறக்காத வக்கீலுக்கு.

பிறந்தவர் ஒருவர் இருந்தார், டாமைப் போலக் கறுப்பர், வால்ட்டர் மெக்மில்லியன். 1986 நவம்பரில் அதே மன்றோவிலில், ஒரு சலவைக் கடையில் வெள்ளை இளம்பெண் ஒருத்தி கொலையானாள். பழி விழுந்தது மெக்மில்லியன் மேல். கொலை நடந்த நேரத்தில் அவர் தன் வீட்டில் இருந்தார். சர்ச்சுக்குப் பணம் சேர்க்க வாசலில் மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். வந்தவர் போனவர் எல்லோரும் அவரைப் பார்த்திருக்கிறார்கள். என்ன செய்ய, பார்த்தவர்கள் கறுப்பர்கள். எண்ணெய்ச் சட்டி சாட்சி சொல்லியிருந்தால் ஒருவேளை எடுபட்டிருக்கும். அவர் ஒரு வெள்ளைப் பெண்ணோடு பழகியவர் என்பது ஊருக்குத் தெரியும். அதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்!

விசாரணைக்கு முன்பே அவரை மரண தண்டனைக் கைதிகளோடு அடைத்தார்கள். வழக்கைக் கறுப்பர்கள் குறைந்த பால்ட்வின் கவுண்டிக்கு மாற்றினார்கள். ஜூரியில் பதினொரு வெள்ளையர், ஒரு கறுப்பர். ஒன்றரை நாளில் விசாரணை முடிந்தது. அந்த ஜூரியே ஆயுள் தண்டனை போதும் என்றது, நீதிபதிக்குப் போதவில்லை, மரண தண்டனையாக உயர்த்தினார். அவர் பெயர் ராபர்ட் ஈ. லீ கீ. உள்நாட்டுப் போரில் அடிமை மாநிலங்களுக்குப் படை நடத்திய தளபதியின் பெயர். நாவலில் இப்படி வைத்திருந்தால் மிகை என்று எடிட்டர் அடித்திருப்பார்.

பிரையன் ஸ்டீவன்சன் என்ற கறுப்பு வக்கீல் பல வருடம் போராடி, பொய்ச்சாட்சிகளை உடைத்து, 1993இல் மெக்மில்லியனை வெளியே கொண்டுவந்தார். மெக்மில்லியன் உள்ளே கிடந்தபோதே ஊரில் நாடகம் தொடங்கிவிட்டது. டாமுக்காகக் கைக்குட்டை நனைந்துகொண்டிருந்தது.

2017இல் மிசிசிப்பியின் பிலாக்சியில், நாவலின் சொற்கள் சிலரைச் சங்கடப்படுத்துகின்றன என்று எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து அதை எடுத்தார்கள். சங்கடப்பட்டார்களா? அப்படியென்றால் அத்தனை வருடத்தில் அதை ஒழுங்காகப் படித்தவர்கள் அவர்கள்தான்.

அந்தப் புத்தகத்தைப் பாடமாக நடத்தும் வகுப்புகளுக்கு என் பங்குக்கு ஒரு கேள்வி தருகிறேன், கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு பொய்ச்சாட்சிக்குச் சமமாக, மீன் வாங்க வந்த கறுப்பர்கள் எத்தனை பேர் தேவை? வழிமுறையையும் எழுதுக.